கோழிக்கூண்டுக்கு நிப்பிள் தண்ணீர் வாளி நாமே செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் எது தொல்லை என்று கேட்டால் தீனி விலை என்பார்கள், மூசாங் (மரநாய்) வந்து தூக்கிக்கொண்டு போகிறது என்பார்கள், சேவல் கூவுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்பார்கள். தண்ணீர்த் தட்டை யாரும் சொல்ல மாட்டார்கள், அது அவ்வளவு பழகிப்போய்விட்டது. காலையில் கழுவி நிரப்பி வைத்த தட்டைப் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் பாதி மண், ஓரத்தில் எச்சம், நடுவில் ஓர் இறகு மிதக்கும். அதைத்தான் கோழி பொழுது சாயும் வரை குடிக்கிறது.

இது வெறும் அழுக்கு விஷயம் இல்லை. ரத்தக்கழிச்சல் எச்சம் வழியாகப் பரவும் நோய், எச்சம் விழுந்த தண்ணீரை மற்ற கோழிகள் குடித்தால் கூண்டு முழுக்கப் போய்விடும். மைனாவும் காக்கையும் அதே தட்டில் வந்து குடித்துவிட்டுப் போகும், வெளியிலிருந்து நோய் உள்ளே வர அது ஒரு நேர்வழி. தட்டு கவிழ்ந்தால் கீழே போட்ட மரத்தூள் நனையும், பினாங்கின் ஈரக்காற்றில் அது லேசில் காயாது, நனைந்த தூளும் எச்சமும் சேர்ந்தால் அம்மோனியா நெடி கிளம்பி கோழிக்குக் கண் எரியும், மூச்சு வாங்கும்.

அப்புறம் கொசு. நம் ஊர் வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும், கூண்டு மூலையில் மறந்துபோன ஒரு பாத்திரமே அதற்கு ஏராளம். மலேசியாவின் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்படி வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடலாம். அபராதம்கூடப் போகட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கி வந்தால் நாம் என்ன பதில் சொல்வோம்?

நிப்பிள், அதாவது கோழி அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் சின்ன முனை, பொருத்திய மூடிய வாளி இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானதைத் தீர்த்துவிடும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தட்டு காலியானால் கண்ணுக்குத் தெரியும். மூடிய வாளி காலியானாலும், நிப்பிள் அடைத்துக்கொண்டாலும், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் நன்றாக இருப்பது போலவேதான் இருக்கும், உள்ளே கோழி தாகத்தில் தவித்துக்கொண்டிருக்கும். அதனால் தினமும் காலையில் ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தட்டி சொட்டு வருகிறதா என்று பார்க்க உங்களால் முடியும் என்றால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள். முடியாது என்றால் தட்டே மேல்.

நிப்பிள் எப்படி வேலை செய்கிறது

சின்ன பிளாஸ்டிக் உடம்பு, அதற்குள் ஒரு துருப்பிடிக்காத எஃகு ஊசி, அவ்வளவுதான். தண்ணீரின் அழுத்தம் ஊசியை அதன் இருக்கையில் உட்கார வைத்து வழியை மூடியிருக்கும், சிலவற்றில் ஒரு சிறு ஸ்பிரிங்கும் இருக்கும். கோழி அலகால் ஊசியைத் தட்டியதும் அது அசைந்து இடைவெளி விடும், தண்ணீர் சொட்டும், அலகை எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். புறா போலக் கோழியால் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்க முடியாது. வாயில் அள்ளி, தலையைத் தூக்கி, தொண்டையில் இறங்க விடும். தட்டில் ஒவ்வொரு வாய்க்கும் குனிந்து நிமிர வேண்டும், நிப்பிளில் கழுத்து ஏற்கெனவே நிமிர்ந்திருப்பதால் விழும் சொட்டு நேராக உள்ளே போகிறது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். நிப்பிள் குறைந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்ட பொருள். வீட்டுப் பைப்பிலிருந்து நேராக இணைத்தால் அந்த வேகத்தை அது தாங்காது, ஒழுகும் அல்லது ஊசி இறுகிப்போய்க் கோழியால் அசைக்கவே முடியாது. வாளியில் நிற்கும் 20, 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் எடையே அதற்குப் போதும்.

செங்குத்தா, பக்கவாட்டா

கடையில் இரண்டு வகை கிடைக்கும். செங்குத்து வகை வாளியின் அடியில் பொருத்துவது, ஊசி தரையைப் பார்த்துத் தொங்கும். பக்கவாட்டு வகை வாளியின் சுவரில் பொருத்துவது, ஊசி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நிப்பிளோடு சின்னக் கிண்ணம் சேர்ந்த மூன்றாவது வகையும் உண்டு, கோழி பழகச் சுலபம்தான், ஆனால் கிண்ணத்தில் மறுபடி தண்ணீர் தேங்கும், மண் சேரும், நாம் எதை விட்டு ஓட வந்தோமோ அதுவே திரும்பி வரும்.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் பக்கவாட்டு வகையைத்தான் சொல்வேன். செங்குத்து வகையில் வாளியைத் தொங்கவிட்டே ஆக வேண்டும், 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ, அதைத் தாங்கும் சட்டம் கூண்டில் வேண்டும். குடிக்கும்போது கொஞ்சம் சிந்தவும் செய்யும். பக்கவாட்டு வாளியை இரண்டு சிமெண்ட் கல் மேல் உட்கார வைத்தால் முடிந்தது. அதைவிட முக்கியமான காரணம் வண்டல். சுவரில் அடியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் மேலே துளை போட்டால், தண்ணீரில் வரும் மண்ணும் துருவும் அதற்குக் கீழே தங்கிவிடும், நிப்பிளுக்குள் போகாது. செங்குத்து வகையில் எல்லாம் நேராக நிப்பிள் மேலேயே வந்து உட்காரும்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகத் தண்ணீரை நிறுத்தியது நினைவிருக்கும். அப்படி நின்று திரும்பி வரும் தண்ணீர் முதலில் கலங்கலாகத்தான் வரும். பெரிய தடை என்றில்லை, தெருவில் பைப் உடைந்து சரிசெய்தாலே போதும். அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தெளிந்த பிறகு, ஒரு பழைய வேட்டித் துணியில் வடிகட்டி வாளியில் ஊற்றுங்கள்.

எத்தனை நிப்பிள் வேண்டும்? மூன்று நான்கு கோழிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டே கோழி இருந்தாலும் இரண்டு நிப்பிளுக்குக் குறையக் கூடாது. ஒன்று அடைத்தால் இன்னொன்று காப்பாற்றும், அடாவடிக் கோழி ஒன்று வாளியை மறித்துக்கொண்டு நின்றாலும் மற்றது சுற்றிக்கொண்டு போய்க் குடிக்கும். அதனால் நிப்பிள்களை ஒரே பக்கம் நெருக்கி வைக்காமல் எதிரெதிர்ப் பக்கம் வையுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

வாளிதான் முதலில். காலியான பெயிண்ட் வாளி, சிமெண்ட் ரசாயன வாளி எதுவும் வேண்டாம், எவ்வளவு தேய்த்தாலும் பிளாஸ்டிக்குக்குள் ஊறியது போகாது. உணவுப் பொருள் வந்த வாளி வேண்டும், அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று போட்டிருந்தால் நல்லது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் ஊறுகாய் வாளி இருக்கும், பேக்கரியில் மாஜரின் வாளி இருக்கும். மதியக் கூட்டம் கலைந்த பிறகு போய், "அண்ணே, காலி வாளி ஏதாச்சும் இருக்கா, மூடியோட?" என்று கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், இல்லையென்றால் ஒன்றிரண்டு வெள்ளி (ரிங்கிட்). மூடியை மறக்காதீர்கள், இறுக்கமாக மூடும் மூடி இல்லாத வாளி இந்த வேலைக்கு உதவாது.

வாளியின் நிறத்தைப் பாருங்கள். வெளிச்சம் உள்ளே போகும் வெள்ளை வாளியில் சில நாளிலேயே பச்சைப் பாசி பிடிக்கும். கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் நல்லது. வெள்ளைதான் கிடைத்தது என்றால் வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட் அடிக்கலாம், அல்லது ஒரு சாக்கை வெட்டிச் சுற்றிக் கட்டலாம்.

நிப்பிள் ஷாப்பியிலும் லசாடாவிலும் கிடைக்கும், கோழித்தீனி விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். திருகு உள்ளதாக வாங்குங்கள், ரப்பர் வளையத்தோடு. தேவைக்கு மேல் இரண்டு மூன்று சேர்த்து வாங்கி வைப்பது நல்லது, தண்ணீர் ஒழுகும் நாளில் அவசரத்துக்குத் தபாலில் வரும் வரை காத்திருக்க முடியாது. மற்றதெல்லாம் ஹார்ட்வேர் கடையில்: குழாய்த் திருகில் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப், துளை போட டிரில் பிட். டிரில் மிஷின் சொந்தமாக இல்லை என்றால் வாங்க வேண்டாம், வாளியில் குறி போட்டு எடுத்துக்கொண்டு போனால் சில கடைகளில் தவுக்கேயே (கடை முதலாளி) போட்டுக் கொடுத்துவிடுவார்.

சிலிக்கான் பசை வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். துளை சரியாக இருந்தால் வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் மீன் தொட்டிக்குப் போடும் சிலிக்கானை வாங்குங்கள். குளியலறைக்குப் போடும் வகையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும், குடிக்கும் தண்ணீருக்கு அது ஆகாது.

துளை போடுவது

வேலையின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். துளையின் அளவு நிப்பிளுக்கு நிப்பிள் மாறும், விற்பவர் சொல்லும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகு வகைக்குப் பெரும்பாலும் 9 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். சந்தேகமாக இருந்தால் அரை மில்லிமீட்டர் சின்னதாகத் தொடங்குங்கள், சின்னத் துளையைப் பெரிதாக்கலாம், பெரிய துளையைச் சின்னதாக்க முடியாது. முதல் துளையை வாளியில் போடாமல், பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடி போன்ற ஏதாவது வீணான பிளாஸ்டிக்கில் போட்டு நிப்பிளைத் திருகிப் பாருங்கள். கையால் தள்ளினால் உள்ளே போகக் கூடாது, கொஞ்சம் பலம் கொடுத்துத் திருகினால்தான் கடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

வாளியின் வெளிச்சுவரில், அடியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் மார்க்கர் பேனாவால் குறியிடுங்கள். அந்த இடம் வழவழப்பாக இருக்க வேண்டும், அச்சு வரியோ மேடுபள்ளமோ இருந்தால் ரப்பர் வளையம் ஒட்டி உட்காராது. உள்பக்கம் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்து, முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் வழி போட்டு, பிறகு பெரிய பிட்டை வைத்து மெதுவாகச் சுழலவிடுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் சூடாகி உருகும், துளை வட்டமாக இல்லாமல் நசுங்கிப்போகும். மெதுவாகப் போனால் தேங்காய்ப்பூ போலச் சுருள் சுருளாக வெளியே வரும், சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

துளை போட்டதும் விரல் நுனியை அதன் ஓரத்தில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அதைக் கத்தி முனையால் சீவி எடுங்கள். ஓரத்தைப் பள்ளம் விழச் சுரண்டிவிடாதீர்கள், பிசிறு மட்டும் போனால் போதும். அந்தத் தலைமுடி அளவு பிசிறுதான் ரப்பர் வளையத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு பிறகு சொட்டுச் சொட்டாக ஒழுக வைக்கும். கடைசியில் வாளியை நன்றாக அலசி எல்லாத் துகளையும் வெளியேற்றிவிடுங்கள், ஒரு துகள் நிப்பிளுக்குள் போனால் ஊசி மூடாது.

பொருத்துவது

நிப்பிளின் திருகில் டெஃப்ளான் டேப்பை மூன்று நான்கு சுற்று, திருகும் திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது உரிந்துகொண்டு வந்துவிடும். ரப்பர் வளையம் வாளிக்கும் நிப்பிளின் தலைக்கும் நடுவில் வர வேண்டும். கோணல் இல்லாமல் நேராகப் பிடித்து, முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையால் ஏற்றி, பிறகு ஸ்பேனரால் வளையம் லேசாக நசுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். இன்னும் கொஞ்சம் என்று இறுக்கினால் பிளாஸ்டிக்கில் ஏறிய திருகு வழுக்கிவிடும், அந்தத் துளை அத்தோடு போச்சு. சில பக்கவாட்டு நிப்பிளில் ஊசிக்குக் கீழே சின்ன உதடு ஒன்று இருக்கும், அது கீழ்ப்பக்கம் வருவது போல நிறுத்துங்கள்.

இப்போது மூடி. எல்லாம் சரியாகச் செய்த பிறகும் வாளி வேலை செய்யவில்லை என்றால் பத்தில் எட்டு இடத்தில் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பேன்: காற்று போக வழி இல்லை. மூடி இறுக்கமாக இருந்தால் தண்ணீர் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டு வெளியே வராது. மூடியில் 3 மில்லிமீட்டரில் ஒரே ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை வழியாகக் கொசு போய் முட்டையிடும், அதனால் கொசுவலைத் துண்டு ஒன்றை அதன் மேல் வைத்து ஒட்டிவிடுங்கள். மூடியின் நடுவில் மழைத்தண்ணீர் தேங்கும் என்றால் துளையை ஓரத்து மேட்டில் போடுங்கள், மூடி மேலேயே தண்ணீர் நின்று அங்கே கொசு வளர விட்டுவிடாதீர்கள்.

கூண்டுக்குக் கொண்டுபோகும் முன் வாளியை நிரப்பி, காய்ந்த சிமெண்ட் தரையில் இரண்டு கல் மேல் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். கீழே ஒரு அட்டையோ நாளிதழோ விரித்தால் எந்த நிப்பிள் ஒழுகுகிறது என்று காலையில் ஈரத்தை வைத்தே தெரியும். ஒழுகினால் உடனே இறுக்க வேண்டாம், முதலில் ஊசியைப் பத்துப் பதினைந்து முறை தட்டித் தண்ணீரை ஓடவிடுங்கள். உள்ளே மாட்டிய துகள் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். ஊசியில் ஒழுகாமல் திருகைச் சுற்றி ஒழுகினால் கழற்றி, பிசிறைப் பார்த்து, புது டேப் சுற்றி மறுபடி மாட்டுங்கள்.

எங்கே, எவ்வளவு உயரத்தில்

நிழலில். இதில் பேச்சே இல்லை. நம் ஊரில் மதியம் 32, 33 டிகிரி சர்வசாதாரணம், வெயிலில் நிற்கும் வாளித் தண்ணீர் தொட்டால் சுடும், சூடான தண்ணீரைக் கோழி குடிக்காமல் ஒதுங்கும். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சுவாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், அதில் தண்ணீர் நிறையப் போகும். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் குடித்தால், வெயில் நாளில் அரை லிட்டர் வரை போகும். ஆறு கோழிக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டால் 10 லிட்டர் வாளி மூன்று நாள் தாங்கும். முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான், ஒரு நாள் தண்ணீர் கிடைக்காமல் போனால் அதற்குப் பிறகு பல நாள் முட்டை குறையும். வெயில் கொளுத்தும் மாதங்களில் சின்ன பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்து, மூடியோடு அப்படியே வாளிக்குள் போட்டுவிடுங்கள்.

கோழி அடையும் கழிக்குக் கீழே வைக்காதீர்கள், இரவெல்லாம் எச்சம் மூடி மேல் விழும். முட்டையிடும் பெட்டிப் பக்கமும் வேண்டாம், சிந்தும் ஈரம் அங்கே போகும்.

உயரத்துக்கு ஒரே விதி: கோழி நிமிர்ந்து குடிக்க வேண்டும், குனிந்து குடிக்கக் கூடாது. செங்குத்து நிப்பிள் என்றால் கோழி சாதாரணமாக நிற்கும்போது தலைக்குக் கொஞ்சம் மேலே ஊசி இருக்கட்டும், கழுத்தை நீட்டி அண்ணாந்து தட்டும். பக்கவாட்டு வகை என்றால் தலை உயரத்துக்கு வந்தால் போதும். தாழ்வாக வைத்தால் உடம்பு உரசியும் அலகு கோணலாகப் பட்டும் பாதித் தண்ணீர் தரைக்குத்தான் போகும். சிறிதும் பெரிதும் கலந்து வளர்த்தால் சின்னதுக்கு எட்டும் உயரத்தில் தனியாக ஒரு வாளி வேண்டும். கிளந்தான் செராமா வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அந்தக் குட்டிக் கோழிக்கு நாட்டுக்கோழி உயரத்து நிப்பிள் எட்டவே எட்டாது. அதன் அலகுக்குப் பலமும் குறைவு, லேசாகத் தட்டினாலே திறக்கும் ஊசியாகப் பார்த்து வாங்குங்கள்.

கோழியைப் பழக்குவது

நிப்பிளை மாட்டிவிட்டு அன்றைக்கே தட்டை எடுத்துவிடுவது பெரிய கொடுமை. இந்த வெப்பத்தில் அரை நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தாலே கோழி சுருண்டுவிடும். ஒரு வாரமாவது இரண்டும் கூண்டில் இருக்கட்டும்.

முதல் நாள் காலையில் கதவைத் திறக்கும் முன்பே தட்டை எடுத்துவிட்டு, நிப்பிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஊசியை விரலால் தட்டுங்கள். சொட்டு தொங்கும், எஃகு பளபளக்கும். கோழிக்கு மின்னுவதைக் கொத்தாமல் இருக்க முடியாது. துணிச்சலான ஒன்று முதலில் வரும், தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும், டக்கென்று ஒரு கொத்து கொத்திவிட்டுப் பின்னால் குதிக்கும். அலகில் ஈரம் பட்டதும் நிற்கும். கழுத்து மேலே போகும், தொண்டை ஒருமுறை அசையும். அடுத்த கொத்து தானாக வரும். ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். அரை மணி, ஒரு மணி நேரம் இப்படி விட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் தட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள். தினமும் காலையில் இந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள்.

எல்லாக் கோழியும் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டை நிரந்தரமாக எடுக்க வேண்டும். "குடிக்கும், குடிக்கும்" என்று நம்பிவிடக் கூடாது. சந்தேகமான கோழியைச் சாயங்காலம் பிடித்து, கழுத்துக்குக் கீழே நெஞ்சருகே இருக்கும் இரைப்பையைத் தடவிப் பாருங்கள், தீனி தின்று தண்ணீரும் குடித்திருந்தால் மெத்தென்று இருக்கும், தண்ணீர் குடிக்காதது கட்டியாகத் தட்டுப்படும். வயதான கோழிதான் பிடிவாதம் பிடிக்கும். குஞ்சுகளுக்குப் பாடமே தேவையில்லை, முதல் நாளிலிருந்தே அதன் கண் உயரத்தில் நிப்பிளை வைத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், வளர வளர உயர்த்திக்கொண்டே போனால் போதும்.

கோழி அதிகம் என்றால் பைப் முறை

பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போனால் வாளியை வெளியே வைத்து, பைப்பை மட்டும் கூண்டுக்குள் விடலாம். முக்கால் அல்லது ஒரு இஞ்ச் பிவிசி பைப், வாளியின் அடிப்பக்கத்தில் பைப்பை இணைக்கும் டேங்க் கனெக்டர், அதற்கு அடுத்து ஒரு வால்வு, பிறகு பைப். செங்குத்து நிப்பிளை இங்கே போடுவதுதான் பொருத்தம், 20 முதல் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. பைப் நெடுக நேர்கோடு ஒன்று போட்டு அதன் மேலேயே துளை போடுங்கள், கோடு விலகினால் சில நிப்பிள் சாய்ந்து நின்று ஒழுகும். பைப்பை மட்டக்கோல் வைத்துச் சமமாகக் கட்ட வேண்டும், நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று மாட்டிக்கொண்டு அதற்கு அப்பால் தண்ணீர் போகாது. கடைசி முனையில் ஒரு பைப்பை வாளியின் தண்ணீர் மட்டத்துக்கு மேல் வருமாறு நிமிர்த்தி நிறுத்தினால் காற்று அதன் வழியாக வெளியேறும், அதன் வாயிலும் கொசுவலை கட்டுங்கள். முனை மூடியைப் பசை போட்டு ஒட்டாமல் திருகு மூடியாக வையுங்கள், கழற்றி விட்டு பைப்பை அலச வேண்டியிருக்கும். மற்ற இணைப்புகளில் போட்ட பசை ஒரு முழு நாள் காயட்டும், பிறகு இரண்டு மூன்று வாளித் தண்ணீரை ஓடவிட்டு வாடை போன பிறகே கோழிக்குத் திறந்துவிடுங்கள்.

பராமரிப்பு

காலையில் விரலால் தட்டிப் பார்ப்பதை மேலேயே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். எல்லா நிப்பிளையும் தட்டுங்கள், வாளியை லேசாக அசைத்து எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

வாரம் ஒருமுறை வாளியைக் கவிழ்த்து உள்சுவரைத் தேயுங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் கையால் தடவினால் வழவழவென்று ஒரு படலம் இருக்கும், கிருமி குடியிருப்பது அங்கேதான். மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரையோ, மிகக் கொஞ்சமாகக் குளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரையோ ஊற்றி, நிப்பிளையும் தட்டி அதன் வழியாக ஓடவிட்டு, அரை மணி கழித்து நன்றாக அலசிவிடுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்றுதான். வினிகரும் குளோராக்ஸும் கலந்தால் விஷ வாயு வரும்.

வைட்டமின் பவுடர், குளுக்கோஸ், மஞ்சள் கரைசல், பூண்டுத் தண்ணீர் எதையும் இந்த வாளியில் ஊற்றாதீர்கள். இனிப்பு படலத்துக்குத் தீனி, தூள் ஊசிக்கு எமன். மருந்து கொடுக்க வேண்டிய நாளில் தனிப் பாத்திரத்தில் கொடுத்து, குடித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

தொடர்ந்து சொட்டும் நிப்பிளைக் கழற்றி, தண்ணீருக்குள் முக்கி ஊசியைப் பலமுறை அழுத்துங்கள். கடினத் தண்ணீர் உப்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறப்போடுங்கள். அப்படியும் சொட்டினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள், ஒன்றிரண்டு வெள்ளிப் பொருளுக்காகக் கூண்டுத் தரையை நனைய விடுவது நியாயமில்லை.

வாத்து வளர்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. வாத்து அலகையும் மூக்குத் துளையையும் தண்ணீரில் முக்கிக் கழுவ வேண்டும், நிப்பிளில் அது நடக்காது. கோழியும் வாத்தும் ஒரே இடத்தில் என்றால் வாத்துக்கு ஆழமான பாத்திரம் தனியாக வேண்டும், தினமும் கொட்டி மாற்றவும் வேண்டும்.

தாமானில் இருப்பவர்கள் கூண்டு கட்டும் முன்பே கோழி வளர்ப்புக்கு என்ன விதி என்று மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், தீவுப் பக்கம் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலப் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகிறீர்கள், தீபாவளிக்குச் சொந்த ஊர் போகிறீர்கள், இரண்டு நாள் வீட்டில் ஆள் இல்லை என்றால், ஒரு பெரிய வாளியை நம்பாதீர்கள். தனித்தனியாக இரண்டு வாளி, இரண்டும் நிரம்பியிருக்க வேண்டும், இரண்டிலும் கோழி ஏற்கெனவே குடித்துப் பழகியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடமோ தம்பியிடமோ சாவியைக் கொடுத்து, ஒரு நாளைக்கு ஒருமுறை வந்து எந்த ஊசியை எப்படித் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன் நேரில் காட்டிவிட்டுப் போங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் எடுத்து வைக்க, கழுவிய பழைய தட்டு ஒன்று கூண்டுக் கதவுப் பக்கம் கவிழ்த்து இருக்கட்டும்.